பழைய செயின்சா வாங்கி ரெடி பண்றது எப்படி: தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

பழைய மரம் அறுக்கிற மிஷினை வாங்கிப் பிரிச்சு, கழுவி, திரும்ப ஓட விடுறது நல்ல பொழுதுபோக்குங்க. ஆனா நம்ம பக்கம் சொல்லித்தர ஆள் கிடையாது. மெக்கானிக்கிட்ட கேட்டா "இதுக்குப் பதிலா புதுசே வாங்கிடலாமே"ம்பாரு, யூடியூப்ல பார்த்தா எங்கேயோ வெளிநாட்டுக்காரர் நம்ம ஊர்ல கிடைக்காத மாடலுக்கு நம்ம ஊர்ல இல்லாத கடையில பார்ட்ஸ் வாங்கச் சொல்லுவாரு. நான் அலைஞ்சு திரிஞ்சு கத்துக்கிட்டதை வரிசையா எழுதி வச்சிட்டா அடுத்து வர்றவங்களுக்காவது அலைச்சல் மிச்சம்னு எழுதுறேன்.

முதல்லயே ஒண்ணு. இதுல காசு மிச்சம் பிடிக்கலாம்னு இறங்காதீங்க. தோட்டத்துல நாளைக்கு மரம் அறுக்கணும்னா புதுசு வாங்கிக்குங்க, இல்ல மிஷின்காரரைக் கூப்பிடுங்க. இது பிரிச்சுப் பார்க்கிற ஆசை இருக்கிறவங்களுக்கு மட்டும்.

1. எந்த மாடல்ல ஆரம்பிக்கணும்

நம்ம பக்கம் தோட்டத்துல அதிகமா கெடக்கிறது ஸ்டில் கம்பெனியோட எம்எஸ் 170, 180, 250. இதுக்கு முந்தின பேர் 017, 018, 025. இதுல இன்ஜின் தனியா கழண்டு வரும், அடியில ஒரு மூடியைக் கழட்டினா கிராங்க் (பிஸ்டன் சுத்த வைக்கிற தண்டு) கையில வந்துடும். பெரிய மிஷின் மாதிரி கிராங்க்கேஸை (கிராங்க் உட்கார்ற உலோகக் கூடு) ரெண்டா பிளக்க வேண்டிய வேலை இல்ல. பார்ட்ஸும் சுலபமா கிடைக்கும். முதல் மிஷின் இதுல ஒண்ணா இருக்கட்டும்.

அடுத்த லெவல் ஸ்டில் 038, ஹஸ்க்வர்னா கம்பெனியோட 61, 268, 272. ஹஸ்க்வர்னாவுல இந்த மூணும் ஒரே குடும்பம், ஒண்ணோட பார்ட்ஸ் நிறைய இன்னொண்ணுக்குச் சேரும், அதனால செத்துப்போன ரெண்டு மிஷின்ல இருந்து உசிரோட ஒண்ணு எடுக்கலாம். எனக்குப் பிடிச்சது இந்த வகைதான்.

ஸ்டில் 070 பக்கம் இப்போ போகாதீங்க. 105 சிசி, சும்மாவே பத்து கிலோவுக்கு மேல, பழசுல செயின் பிரேக் (மிஷின் எகிறுனா செயினை உடனே நிறுத்துறது) கிடையாது, கைப்பிடியில அதிர்வு தாங்குற ரப்பரும் கிடையாது. அதோட 070ன்னு சொல்லி விக்கிறதுல டூப்ளிகேட் ரொம்ப அதிகம்.

ஆன்லைன்ல விக்கிற 58 சிசி சைனா மிஷின் பழசா ரெண்டாயிரத்துக்குள்ள கிடைச்சா, பிரிச்சுப் பழக மட்டும் வாங்கலாம்.

2. எங்க தேடுறது, எப்போ தேடுறது

பழைய இரும்புக் கடையில முதல்ல போய் நிக்காதீங்க. அங்க வர்றப்போ கவர் உடைஞ்சு, பாதி ஸ்க்ரூ காணாம, கார்புரேட்டர் தனியா போயிருக்கும். காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் மாந்தோப்பு வச்சிருக்கிறவங்க, பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் தென்னை, புளி வச்சிருக்கிறவங்க, விறகு டிப்போ, ஸ்ப்ரேயர் ரிப்பேர் பண்ற கடை, இங்கல்லாம் விசாரிங்க. ரிப்பேர் கடையில "குடுத்துட்டுப் போனவர் திரும்ப வரவே இல்ல"ன்னு மூலையில ஒண்ணு ரெண்டு நிக்கும். அதை வாங்குறதா இருந்தா மிஷினோட சொந்தக்காரர் யாருன்னு கேட்டு அவர்கிட்டயே பேசிடணும், கடைக்காரர் சொல்லு மட்டும் போதாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கம் போனா தெலுங்கு, கன்னடம் பேசத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க, விலை பேச்சுல வித்தியாசம் தெரியும்.

ஆடிக்காத்துல மரம் சாயுற சமயத்துல போனா யாரும் குடுக்க மாட்டாங்க, குடுத்தாலும் விலை ஏத்துவாங்க. மாங்கா சீசன் முடிஞ்சு கிளை கழிக்கிறப்பவும் அதே கதைதான். மழை பிடிச்சு ஐப்பசி கார்த்திகையில மிஷின் சும்மா கெடக்கும், அப்போ போங்க.

விக்கிறவர் என்ன சொல்றாருன்னு கவனிங்க.

"ஓடுதுங்களாண்ணா?"

"ஓடும் தம்பி, கார்புரேட்டர் மட்டும் லேசா பாக்கணும்."

இந்த பதில் வந்தா உஷாராயிடுங்க. கார்புரேட்டர்தான் பிரச்சனைன்னா அவரே ஐநூறு ரூபாய்க்குள்ள சரி பண்ணியிருப்பாரு. யாரோ ஒருத்தர் ஏற்கனவே பார்த்து முடியாம விட்டதா இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. "அப்பா வாங்கினதுங்க, அவர் போனதுல இருந்து பரண்ல கெடக்குது, ஒண்ணும் தெரியாது"ன்னு சொல்ற மிஷின் எவ்வளவோ மேல்.

3. பேப்பர் வேலை, இதை மட்டும் விட்றாதீங்க

புதுசா வர்றவங்க எல்லாரும் தாண்டிப் போற இடம் இதுதான். நம்ம ரெண்டு மாவட்டமும் காட்டு ஓரம். காவேரி வடக்கு வன உயிரின சரணாலயம் 2014ல, காவேரி தெற்கு 2022ல அறிவிச்சாங்க, அதுக்கு வெளியவும் காப்புக்காடு நிறைய. சந்தன மரம் வெட்டுன கேஸ் இந்தப் பக்கம் பழைய கதை இல்ல. காட்டுல மரம் வெட்டுன கேஸ்ல தமிழ்நாடு வனச்சட்டம் 1882 படி கருவியையும் வண்டியையும் பிடிப்பாங்க. நீங்க வாங்கின மிஷின் நேத்து எங்க ஓடுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது, அதனால இதெல்லாம் வாங்கிக்குங்க:

பழைய பில் இருந்தா அது. இல்லாட்டி வெள்ளைப் பேப்பர்ல ஒரு விற்பனைச் சீட்டு. விக்கிறவர் பேர், ஊர், போன் நம்பர், மிஷின் மாடல், கிராங்க்கேஸ்ல குத்தியிருக்கிற சீரியல் நம்பர், தொகை, தேதி, ரெண்டு பேர் கையெழுத்து. கூட அவரோட ஆதார் காப்பி, முதல் எட்டு எண்ணை அடிச்சு மறைச்சுக் குடுத்தாலும் போதும். சீரியல் நம்பரையும் மிஷினையும் அங்கேயே போட்டோ எடுத்துக்குங்க. பணத்தைக் கையில குடுக்காம யுபிஐல அனுப்புனா அதுவே ஒரு ரெக்கார்டு.

சீரியல் நம்பர் இருக்கிற இடத்தை கிரைண்டர்ல தேய்ச்சிருந்தா, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும் வண்டியைத் திருப்பிடுங்க. திருட்டுப் பொருள்னு தெரிஞ்சோ, சந்தேகப்பட காரணம் இருந்தும் வாங்குனாலோ பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவுல நாமதான் பதில் சொல்லணும்.

அதே போல எடுத்துட்டு வர்ற வழி. அஞ்செட்டி ரோடு, பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் ரோடு எல்லாம் காட்டு வழியா போகுது, செக்போஸ்ட் இருக்கு. ராத்திரியில பைக் பின்னாடி செயின்சா கட்டிட்டு அந்த ரோட்டுல வராதீங்க. பகல்ல, பாரும் (செயின் ஓடுற நீளப் பட்டை) செயினும் கழட்டி, டேங்க் காலி பண்ணி, சாக்குல கட்டி, சீட்டு சட்டைப்பையில இருக்கட்டும். பஸ், பார்சல் எதுல போட்டாலும் டேங்க்ல ஒரு சொட்டு இருக்கக் கூடாது. ரயில்ல பெட்ரோல் வாசனையோட எதையும் ஏத்தவே கூடாது.

4. பணம் குடுக்கிறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது

கையில கொண்டு போறது: டி27 ஸ்டார் சாவி, 4, 5 எம்எம் ஆலன் கீ, பிளக் ஸ்பேனர், டார்ச், முடிஞ்சா கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டர் உள்ள அழுத்தத்தை அளக்கிறது). ஸ்டில்லுக்கு டி27 ஒண்ணே பாதி மிஷினைக் கழட்டிடும், ஹஸ்க்வர்னாவுக்கு ஆலன் கீ.

முதல்ல சைலன்சரைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா நீங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி வச்சிருக்காங்க. சூடான மிஷின் யாரு இழுத்தாலும் ஸ்டார்ட் ஆகும், ஆறுன மிஷின் ஸ்டார்ட் ஆகுதாங்கிறதுதான் கேள்வி. டீ குடிச்சிட்டு வந்து திரும்ப இழுங்க.

அப்புறம் ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடிச்சு மிஷினைத் தொங்க விடுங்க. மெதுவா தடுக்கித் தடுக்கி இறங்கினா கம்ப்ரெஷன் இருக்கு. சர்ருன்னு இறங்கிட்டா சிலிண்டர் காலின்னு வச்சுக்குங்க. கேஜ்ல 120 பி.எஸ்.ஐ.க்கு மேல வந்தா நிம்மதி, 150ன்னா அருமை, 100க்குக் கீழன்னா பிஸ்டன் செலவு சேர்த்து விலை பேசுங்க. இதுல ஒரு ஏமாத்து வேலை உண்டு: பிளக் ஓட்டையில கெட்டி ஆயில் ஊத்தி வச்சிருப்பாங்க, கொஞ்ச நேரத்துக்கு கம்ப்ரெஷன் நல்லா காட்டும். பிளக்கைக் கழட்டிப் பார்த்தா ஆயில்ல குளிச்சிருக்கும், ஸ்டார்ட் பண்ணா நீலப் புகை கண்ணை மறைக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் சைலன்சரைக் கழட்டிப் பார்க்கிறது. ரெண்டு மூணு போல்ட்டுதான், அஞ்சு நிமிஷம். கழட்டுனதும் எக்ஸாஸ்ட் ஓட்டை வழியா பிஸ்டனோட பக்கவாட்டு தெரியும். டார்ச் அடிச்சுக்கிட்டே ஸ்டார்ட்டரை மெதுவா இழுங்க, பிஸ்டன் மேல கீழ போகும். நல்ல பிஸ்டன்ல சாம்பல் கலர்ல வழவழன்னு, மிஷின்ல கடைஞ்ச மெல்லிய கோடு குறுக்கால தெரியும். கெட்டுப்போனதுல மேல இருந்து கீழ, நகத்தால கீறுன மாதிரி கோடு கோடா, அலுமினியம் இழுவிப் போய் ரிங் அப்படியே காடிக்குள்ள ஒட்டியிருக்கும். ஆயில் கலக்காம வெறும் பெட்ரோல் ஊத்துனதோ, எங்கேயோ காத்து இழுத்து எண்ணெய் பத்தாம ஓடுனதோ. சைலன்சரைக் கழட்டக் கூடாதுன்னு விக்கிறவர் தடுத்தா அதுக்கு மேல பேச ஒண்ணும் இல்ல.

ஃப்ளைவீலை (ஸ்டார்ட்டர் பக்கம் சுத்துற சக்கரம்) மேல கீழ ஆட்டிப் பாருங்க, ஆட்டம் இருந்தா பேரிங் போச்சு. கவர், டேங்க் மூடி, பிரேக் கைப்பிடி எல்லாம் ஒரிஜினலா இருக்கான்னு பாருங்க, பழைய மாடலுக்கு பிளாஸ்டிக் சாமான் தேடுறதுதான் பெரிய பாடு. பளபளன்னு புதுசா பெயிண்ட் அடிச்சிருந்தா எனக்கு சந்தேகம்தான் வரும், அழுக்கோட இருக்கிற மிஷின் உண்மையைச் சொல்லும்.

"மேட் இன் சைனா"ன்னு இருந்தாலே டூப்ளிகேட்டுன்னு முடிவு கட்டாதீங்க. ஸ்டில் கம்பெனிக்கே சீனாவுல சிங்டாவ்ல ஃபேக்டரி இருக்கு, பிரேசில்லயும் அமெரிக்காவுலயும் இருக்கு. டூப்ளிகேட்ல சீரியல் நம்பர் குத்தாம ஸ்டிக்கர் மட்டும் இருக்கும், வார்ப்பு ஓரம் எல்லாம் பிசிறு தட்டும், கார்புரேட்டர்ல வால்ப்ரோ, ஸாமா, டில்லாட்சன்னு பேரே இருக்காது.

5. செலவு எவ்வளவு ஆகும்

நம்ம பக்கம் நான் கேட்ட விலையைத்தான் சொல்றேன், கடைக்குக் கடை மாறும். ஓடாத 180 மூவாயிரத்துல இருந்து அஞ்சாயிரத்துக்குள்ள பேசலாம், 038, 272 மாதிரி பெரிசு ஓடாம இருந்தாலும் பத்தாயிரம் கேப்பாங்க. கம்பெனி அல்லாத பிஸ்டன் சிலிண்டர் செட் 1500ல இருந்து 3000, கார்புரேட்டர் கிட் 200, 300, முழு கார்புரேட்டர் 600ல இருந்து 1000, பிளக் 150 முதல் 300, ஆயில் சீல் பேரிங் சேர்த்து 500 முதல் 1000, செயின் 600 முதல் 1500, பார் 1000க்கு மேல. சாவி, கேஜ், அரம் எல்லாம் முதல் தடவைக்கு 2500 தனியா வையுங்க.

கணக்கு போட்டா சின்ன மிஷினுக்கு வாங்கின விலை அளவுக்கே திரும்ப செலவாகும். வாங்கினதும் ரிப்பேரும் சேர்த்து புது மிஷின் விலையில பாதியைத் தாண்டுச்சுன்னா அந்த மிஷினை பார்ட்ஸுக்கு ஒதுக்கிடுங்க, பாசம் வேணாம்.

ஒரிஜினல் பார்ட்ஸ் டீலர்கிட்ட ஆர்டர் போட்டா ஒரு வாரத்துல இருந்து ஒரு மாசம் வரைக்கும் இழுக்கும், பழைய மாடலுக்கு "வராது"ன்னே சொல்லிடுவாங்க. டீலர்கிட்ட பேரைச் சொல்லாதீங்க, பார்ட் நம்பரைச் சொல்லுங்க. பழைய பார்ட்லயே வார்ப்புல எழுதியிருக்கும். பேரிங்கும் ஆயில் சீலும் எங்கேயும் ஆர்டர் பண்ண வேணாம், ஓசூர் பேரிங் கடையில நம்பரையும் சீலோட உள்வட்டம், வெளிவட்டம், தடிமனையும் சொன்னா குடுத்துடுவாங்க. பேரிங் சி3 (உள்ள இடைவெளி கொஞ்சம் கூடுன ரகம்) கேளுங்க, சீல் வைட்டான் (சூடு தாங்குற ரப்பர்) கேளுங்க, சாதா ரப்பர் சூட்டுக்குத் தாங்காது.

6. பிரிக்கிறப்போ

கழுவுறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டர் இருக்கிற இடத்தையும் சைலன்சர் ஓட்டையையும் துணி வச்சு அடைச்சிடுங்க. டீசல்ல பிரஷ் போட்டு ஊற வச்சா மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்து இறுகுன கட்டி எல்லாம் உரிஞ்சு வரும்.

கிளட்ச் இடதுமரை. சாதாரண நட்டு மாதிரி இடது பக்கம் திருப்பினா இன்னும் இறுகும், கடைசியில கிளட்ச் உடையும். கடிகாரம் சுத்துற பக்கம் திருப்பினாத்தான் கழளும். பிஸ்டன் நிக்கிறதுக்கு ஸ்க்ரூ டிரைவரை பிளக் ஓட்டையில விடாதீங்க, ஸ்டார்ட்டர் கயிறு ஒரு முழம் உள்ள விட்டா அதுவே பிஸ்டனைப் பிடிச்சுக்கும்.

பெரிய மிஷினோட கிராங்க்கேஸ் மெக்னீசியம். அதுல ஆசிட் படக் கூடாது, கிரைண்டர் போட்டுத் தேய்க்கவும் கூடாது. அந்தத் தூள் தீப்பிடிச்சா தண்ணி ஊத்தினா இன்னும் பத்தும்.

7. சிலிண்டரும் சீலும்

பைக்குக்கு போர் பண்ற லேத்து பட்டறையில கொண்டு போனா "குடுங்க, போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுடலாம்"பாங்க. குடுக்காதீங்க. நல்ல செயின்சா சிலிண்டர்ல உள்ள இரும்பு ஸ்லீவ் கிடையாது, அலுமினியத்து மேல மெல்லிசா ஒரு கடின பூச்சு, அவ்வளவுதான். போர் பண்ணா பூச்சு போயிடும், சிலிண்டரும் போயிடும்.

கோடு விழுந்த சிலிண்டர் எல்லாம் கெட்டதும் இல்ல. பல நேரம் பிஸ்டனோட அலுமினியம்தான் சிலிண்டர்ல ஒட்டியிருக்கும். பாத்ரூம் கழுவுற ஆசிட்டை பஞ்சு சுத்துன குச்சியில தொட்டு, சிலிண்டரைத் தனியா கழட்டி வச்சு, ஒட்டுன இடத்துல மட்டும் தடவுங்க. அலுமினியம் இருக்கிற வரைக்கும் நுரைக்கும், நுரை நின்னா துடைச்சு சோடா உப்புத் தண்ணியில கழுவிடுங்க. வெளியில காத்தோட்டமா வச்சு, கண்ணாடி, கிளவுஸ் போட்டு செய்யணும், சிலிண்டர் சுவர்ல இருக்கிற ஓட்டைகளோட ஓரத்துல ஆசிட் படக் கூடாது. அதுக்கப்புறம் விரல் நகத்தை ஓட்டிப் பாருங்க. வழுக்கிட்டுப் போனா புது பிஸ்டன் ரிங் மட்டும் போதும். பூச்சு உரிஞ்சு திட்டா தெரிஞ்சா செட்டாவே மாத்தணும்.

பிஸ்டன் போடும்போது அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம். பின் லாக் கம்பி எப்பவும் புதுசு.

பழைய பிஸ்டன் ஏன் போச்சுன்னு கண்டுபிடிக்காம புது பிஸ்டன் போட்டா அதுவும் போகும். ஆயில் சீலும் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவுல இருக்கிற ரப்பரும்தான் முதல் குற்றவாளி. கார்புரேட்டர் பக்கம், சைலன்சர் பக்கம் ரெண்டையும் ரப்பர் ஷீட் வச்சு அடைச்சு, அரை பார் (இங்க பார்ங்கிறது காத்தழுத்த அளவு) காத்து ஏத்தி, சோப்புத் தண்ணி தடவுங்க. குமிழி வர்ற இடம்தான் லீக்கு.

8. கார்புரேட்டர், டியூப், கரண்ட்

கார்புரேட்டர் உள்ள ஒரு குட்டி வலை இருக்கும், சட்டைப் பொத்தான்ல பாதி சைஸ். அதுல மரத்தூள் பச்சையா பாசி மாதிரி அடைஞ்சிருக்கும், இதைக் கழுவாமலே புது டயாப்ரம் (உள்ள இருக்கிற மெல்லிய சவ்வு) போட்டுட்டு ஓடலைன்னு திட்டுறவங்க நிறைய. டயாப்ரம் விரல்ல அழுத்தினா துணி மாதிரி இருக்கணும், பேப்பர் மாதிரி சடசடன்னா மாத்துங்க.

இப்போ பங்க்ல வர்றது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். பழைய மிஷின் ரப்பர் இதுக்குன்னு செஞ்சது இல்ல, ஊறி, வெடிச்சிடும், அந்தப் பெட்ரோல் தண்ணியையும் சேர்த்து இழுக்கும். அதனால பெட்ரோல் டியூப், டேங்க் ஃபில்டர், மூடி வாஷர் மூணும் கண்ணை மூடிட்டு மாத்திடுங்க. ஹார்ட்வேர் கடை கண்ணாடி டியூப் ஒரே மாசத்துல கம்பி மாதிரி ஆயிடும்.

பிளக்குக்கு என்ஜிகே பிபிஎம்ஆர்7ஏ பெரும்பாலான மாடலுக்குச் சேரும், இடைவெளி 0.5 எம்எம். காயிலுக்கும் (பிளக்குக்கு கரண்ட் குடுக்கிறது) ஃப்ளைவீலுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு வச்சு இறுக்கினா 0.3 எம்எம் வந்துடும்.

9. செயின், அரம்

செயின் பிட்ச் (கண்ணிக்குக் கண்ணி இடைவெளி, அங்குலத்துல) பார்த்து அரம் வாங்குங்க. சின்ன மிஷினோட மெல்லிய 3/8க்கு 4 எம்எம், .325க்கு 4.8, பெரிய 3/8க்கு 5.2, .404க்கு 5.5. தப்பான அரத்துல தேய்ச்சா பல்லு மழுங்கிடும். அறுக்கிறப்போ சீவல் வரணும், மாவு வந்தா கூர் இல்லன்னு அர்த்தம். செயினுக்கு கருப்பு வேஸ்ட் ஆயில் ஊத்துறது நம்ம ஊர் வழக்கம், அதுல இருக்கிற இரும்புப் பொடி ஆயில் பம்ப்பைத் தின்னுடும். புது ஆயிலே ஊத்துங்க.

10. முதல் ஸ்டார்ட்

நல்ல டூ ஸ்ட்ரோக் ஆயில், பாட்டில்ல ஜாசோ எஃப்டின்னு தரக்குறி போட்டிருக்கிறது, 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. சாதா ஆயில்னா 40 மில்லி. படகு இன்ஜினுக்கு விக்கிற டிசி-டபிள்யூ3 ஆயில் தண்ணியில குளிர்ற இன்ஜினுக்கு, இதுல ஊத்தக் கூடாது. பல பங்க்ல பிளாஸ்டிக் பாட்டில்ல பெட்ரோல் தர மாட்டாங்க, ஒரு கேன் வாங்கி வச்சுக்குங்க. கலந்ததை ஒரு மாசத்துக்கு மேல வைக்காதீங்க.

கார்புரேட்டர்ல இருக்கிற எல் (மெதுவா ஓடுறப்போ பெட்ரோல் விடுறது), ஹெச் (வேகமா ஓடுறப்போ விடுறது) ரெண்டு ஸ்க்ரூவும் மெதுவா முழுசா மூடி ஒரு சுத்து திறங்க. சில 170, 180ல ஹெச் ஸ்க்ரூவே இருக்காது, தேடாதீங்க. சூடானப்புறம் முதல்ல எல், அடுத்து ஐடிலிங், கடைசியா ஹெச். முழு ஆக்சிலரேட்டர்ல சும்மா ஓடுறப்போ கொஞ்சம் கரகரன்னு, மரத்துல இறங்கினதும் சுத்தமா மாறணும். சும்மா ஓடுறப்பவே கீச்சுன்னு உச்சத்துக்குப் போனா ஆயில் கலந்த பெட்ரோல் பத்தலை, உடனே ஹெச்சைத் திறங்க. ஐடில்ல செயின் ஓடக் கூடாது.

செயின் பிரேக் பிடிக்காத மிஷினை மரத்துல வைக்காதீங்க. பார் நுனி மேல்பக்கம் எதையாவது தொட்டா மிஷின் முகத்தைப் பார்த்து எகிறும், யோசிக்க நேரம் இருக்காது. ஷூ, கண்ணாடி, காதுக்கு மஃப், செயின் தடுக்கிற கால் கவசம் இல்லாம ஓட்டாதீங்க. மூடுன ஷெட்டுக்குள்ள ஓட்டவே கூடாது, புகை ஆளைக் கவுத்துடும். டெஸ்ட்டுக்கு விறகு டிப்போவுல ஒரு கட்டை வாங்கிட்டு வந்து வீட்டு வாசல்லயே அறுத்துப் பாருங்க, "அந்தக் காட்டு ஓரத்துல ஒரு மரம் இருக்கு வாங்க"ன்னு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க.

ரெடி பண்ணி விக்கிறதா இருந்தா நீங்க வாங்கின சீட்டோட காப்பியைப் புதுசா ஒரு சீட்டோட சேர்த்துக் குடுங்க, டேங்க் மூடி பக்கத்துல மார்க்கர்ல "1 லிட்டருக்கு 20 மில்லி ஆயில்"னு எழுதிடுங்க. வாங்கிட்டுப் போறவர் சொன்னா தலையாட்டுவாரு, தோட்டத்துல ஊத்தப் போறது அவர் வேலையாளு.